காத்திருக்கும் பிராசசர்

1998 ஏப்ரலில் இன்டெல் நிறுவனம் ஒரு மலிவு விலை பிராசசரைச் சந்தைக்கு அனுப்பியது. பெயர் செலரான். ஆயிரம் டாலருக்குள் முழுக் கணினியும் வேண்டும் என்று அமெரிக்க வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கியிருந்த நேரம் அது, போட்டி நிறுவனங்களான ஏ.எம்.டி.யும் சைரிக்ஸும் அந்தச் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தன. இன்டெல் எளிய வழி ஒன்றைக் கண்டது. தன் உயர்தர பென்டியம் 2 பிராசசரை எடுத்து, அதனுடன் இருந்த 512 கே.பி. இரண்டாம் நிலை கேஷ் நினைவகத்தை மட்டும் நீக்கிவிட்டது. கணக்குப் போடும் பகுதியில் கைவைக்கவில்லை. கடிகார வேகம் 266 மெகாஹெர்ட்ஸ். அதே வேகத்தில் ஓடும் பென்டியம் 2 ஒன்றும் கடைகளில் இருந்தது. தாளில் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். வாங்கி ஓட்டியவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது. அன்றாட அலுவலக வேலைகளில் புதிய செலரான் மூச்சு வாங்கியது; முந்தைய தலைமுறை பிராசசர்களோடு ஈடுகொடுக்கவே திணறியது.

நான்கே மாதத்தில் இன்டெல் தவற்றைத் திருத்திக்கொண்டது. ஆகஸ்டில் 'செலரான் 300ஏ' வந்தது. 300 என்ற எண்ணோடு, கேஷ் இல்லாத பழைய வகையும் கடையில் இருந்ததால் வேறுபடுத்திக் காட்ட 'ஏ' என்ற ஓர் எழுத்து சேர்ந்தது. அந்த எழுத்துக்குப் பின்னால் 128 கே.பி. கேஷ் இருந்தது. பென்டியம் 2இல் இருந்ததில் கால்வாசிதான். ஆனால் பென்டியம் 2இன் கேஷ் தனிச் சில்லுகளில், பிராசசரின் பாதி வேகத்தில் ஓடியது. 300ஏயின் கேஷோ பிராசசர் சில்லுக்குள்ளேயே, முழு வேகத்தில் ஓடியது. டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை 75 லட்சத்திலிருந்து 1 கோடியே 90 லட்சமானது. மதர்போர்டின் பாட்டை (பஸ்) வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் பல 300ஏக்கள் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடின. பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2 450க்குப் பக்கத்தில் போய் நின்றன. குறைந்த காசில் கணினி கட்டுபவர்கள் இன்றைக்கும் 300ஏயின் பெயரைச் சொல்லக் காரணம் இதுதான்.

கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. கடைப் பலகைகளில் பெயர்கள் மாறிவிட்டன. பட்ஜெட் கணினிக்குப் பிராசசர் தேர்ந்தெடுப்பவரின் முன்னால் இருக்கும் கேள்வி மட்டும் மாறவில்லை. இந்த விலையைக் கொண்டுவர எதைக் கழற்றியிருக்கிறார்கள்? கழற்றப்பட்டது நம் வேலைக்கு வேண்டியதா, வேண்டாததா?

கேஷைக் கழற்றியதால் ஏன் அவ்வளவு பாதிப்பு என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. 4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசசர் நொடிக்கு 400 கோடி முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்குக் கால் நானோநொடி. ரேமில் இருக்கும் ஒரு தரவைக் கேட்டுப் பெற ஏறக்குறைய 70, 80 நானோநொடி ஆகும். அதாவது சுமார் 300 துடிப்புகள். ஒரு துடிப்பை ஒரு நொடி என்று நீட்டிவைத்துப் பார்த்தால், முதல்நிலை கேஷிலிருந்து தரவு வர ஐந்து நொடி. மூன்றாம் நிலை கேஷிலிருந்து வர முக்கால் நிமிடம். ரேமிலிருந்து வர ஐந்து நிமிடம். எஸ்.எஸ்.டி.யிலிருந்து வர மூன்று, நான்கு நாள். சுழலும் ஹார்டு டிஸ்கிலிருந்து வர ஒரு வருடத்துக்கும் மேல்.

சமையற்கட்டில் கடுகும் சீரகமும் அடுப்புக்குப் பக்கத்திலேயே அஞ்சறைப் பெட்டியில் இருக்கும். பருப்பு டப்பா எதிர் அலமாரியில். மாத மளிகை உள்ளறையில். அங்கும் தீர்ந்திருந்தால் தெருமுனைக் கடைக்கு ஆள் அனுப்ப வேண்டும். அவர் திரும்பும்வரை அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். முதல் செலரான் செய்தது என்ன? அஞ்சறைப் பெட்டியையும் தெருமுனைக் கடையையும் வைத்துக்கொண்டு, நடுவில் இருந்த அலமாரியைத் தூக்கி எறிந்தது. சமைப்பவரின் கை எவ்வளவு வேகமாக இருந்து என்ன பயன்?

இதே பாடத்தை மறுபக்கமிருந்து காட்டியது ஏ.எம்.டி. 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியில், முன்பே விற்றுக்கொண்டிருந்த 5800எக்ஸின் அதே எட்டு கோர்கள்தான். வேகம் கொஞ்சம் குறைவுகூட: உச்சம் 4.7க்குப் பதில் 4.5 கிகாஹெர்ட்ஸ். ஆனால் சில்லின் தலைமேல் இன்னொரு கேஷ் அடுக்கை ஏற்றி, 32 எம்.பி.யை 96 எம்.பி. ஆக்கியிருந்தார்கள். விளையாட்டுகளில் அது தன் அண்ணனைத் தெளிவாக முந்தியது. குறைந்த துடிப்பு, குறைந்த காத்திருப்பு; கடைசிக் கணக்கில் அதிக வேகம்.

இவ்வளவு தெரிந்தும் கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது 'எத்தனை கிகாஹெர்ட்ஸ்?' என்றுதான். அந்தப் பழக்கத்தை ஊட்டியதும் இன்டெல்தான். 2000ஆம் ஆண்டு பென்டியம் 4 வந்தபோது, எண்ணைப் பெரிதாக்கிக் காட்டுவதே வடிவமைப்பின் குறிக்கோளாக இருந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் செய்யும் வேலை குறைந்தது, துடிப்புகள் கூடின. 2004இல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை போனது. அடுத்து 4 என்று அறிவித்திருந்தார்கள். வெப்பம் விடவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் திட்டம் கைவிடப்பட்டது. ஆர்லாண்டோவில் நடந்த கார்ட்னர் மாநாட்டு மேடையில் இன்டெலின் தலைமை நிர்வாகி கிரெய்க் பேரட் அதற்காக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்.

வெப்பம் ஏன் விடவில்லை? டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதற்கு வேண்டிய மின்னழுத்தமும் அதே விகிதத்தில் குறையும், ஆகவே சதுர மில்லிமீட்டருக்கு எரியும் மின்சாரம் மாறாது என்று ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்டும் அவரது குழுவினரும் 1974இல் காட்டியிருந்தார்கள். முப்பது வருடம் தொழில் முழுவதும் அந்தக் கணக்கில்தான் ஓடியது. டிரான்சிஸ்டர்கள் மிகச் சிறிதானபோது, அணைத்து வைத்தாலும் மின்சாரம் கசியத் தொடங்கியது. மின்னழுத்தத்தை அதற்குமேல் இறக்க முடியவில்லை. வேகத்தைக் கூட்டினால் அழுத்தத்தையும் கூட்ட வேண்டும். எரியும் மின்சாரமோ அழுத்தத்தின் வர்க்கத்தைப் போல ஏறும். சுவரில் முட்டியாயிற்று.

சுவரைச் சுற்றிப் போகத்தான் கோர்களின் எண்ணிக்கை கூடியது. ஒரு சமையற்காரரை இன்னும் விரட்ட முடியாவிட்டால் இன்னொருவரை அமர்த்தலாம் என்ற யோசனை. அதிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இலேயே சொன்னது: ஒரு வேலையில் பங்கு பிரிக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுவே கடைசியில் வேகத்தைத் தீர்மானிக்கும். ஒரு வேலையில் 60 சதவீதத்தைத்தான் பிரித்துக் கொடுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கோர் கொடுத்தால் வேகம் 1.8 மடங்கு. எட்டுக் கோர் கொடுத்தால் 2.1 மடங்கு. எத்தனை ஆயிரம் கோர் கொடுத்தாலும் 2.5ஐத் தாண்டாது. நான்கிலிருந்து எட்டுக்குப் போகக் கொடுத்த காசில் கிடைத்தது எவ்வளவு என்று பாருங்கள். வீடியோவைச் சுருக்குவதும் பிளெண்டரில் முப்பரிமாணப் படம் ஆக்குவதும் கிட்டத்தட்ட முழுக்கப் பிரிக்கக்கூடியவை. அவற்றுக்கு எட்டுக் கோர் தகும். கடிதம் தட்டச்சு செய்வது, இணையப் பக்கம் திறப்பது, பில் போடுவது போன்றவற்றில் ஒரு கோரின் தனி வேகமே பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்.

கோர் என்று அட்டையில் எழுதியிருப்பதையே சந்தேகிக்க வேண்டிய காலமும் இருந்தது. 2011இல் ஏ.எம்.டி. வெளியிட்ட எஃப்.எக்ஸ். வரிசையில் 'எட்டு கோர்' என்றார்கள். உள்ளே அவை நான்கு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் தசமக் கணக்குப் போடும் அலகைப் பகிர்ந்துகொண்டது. இது எட்டா, நான்கா என்று கலிஃபோர்னியாவில் வழக்கே நடந்தது. 2019இல் 1 கோடியே 21 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஏ.எம்.டி. சம்மதித்தது. அதே வரிசையில் 2013இல் வந்த எஃப்.எக்ஸ். 9590, கடையில் விற்கப்பட்ட பிராசசர்களில் முதன்முதலாக 5 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. அதற்கு 220 வாட் வெப்பத்தைச் சமாளிக்க வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் இன்டெல் வெளியிட்ட கோர் ஐ3-12100எஃப்பின் உச்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ்தான், இழுக்கும் மின்சாரம் அதிகபட்சம் 89 வாட். ஒற்றைக் கோர் வேலையில் அந்த 5 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் இதன் பாதியைக்கூட எட்டாது.

இந்த ஐ3-12100எஃப்பையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பட்ஜெட் பிராசசர் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் தட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகளை ஒன்றாக அச்சிடுகிறார்கள். தட்டில் எங்காவது நுண்ணிய குறை விழாமல் இருப்பதில்லை. ஆறு கோர் உள்ள சில்லில் ஒரு கோர் மட்டும் பழுதானால் முழுச் சில்லையும் குப்பையில் போடுவது வீண். பழுதான கோரையும் இன்னொன்றையும் நிரந்தரமாக அணைத்து, நான்கு கோர் பிராசசராக வேறு பெயரில் விற்கலாம். உள்ளிருக்கும் கிராபிக்ஸ் பகுதி சரியில்லையென்றால் அதையும் அணைத்துவிட்டுப் பெயரின் கடைசியில் 'எஃப்' சேர்க்கலாம். ஐ3-12100எஃப் அப்படித்தான் வருகிறது: ஆறு கோர் சில்லு, நான்கு கோர் உயிரோடு, கிராபிக்ஸ் அணைந்தது, 12 எம்.பி. மூன்றாம் நிலை கேஷ். அமெரிக்காவில் அறிவித்த விலை நூறு டாலரை ஒட்டியிருந்தது. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600உம் இந்த வகைதான். எட்டுக் கோர் சில்லில் ஆறு மட்டும் திறந்திருக்கிறது.

'பழுதானது' என்று கேட்டதும் தயங்க வேண்டாம். உயிரோடு இருக்கும் கோர்கள் விலையுயர்ந்த பிராசசர்களில் இருப்பவையேதான். அதே சோதனைகளைக் கடந்து வந்தவை. எல்லாச் சில்லிலும் பழுது இருப்பதும் இல்லை. மலிவு வகைக்குத் தேவை அதிகமானால் நல்ல கோர்களையும் அணைத்து அனுப்புவார்கள். 2009இல் ஏ.எம்.டி.யின் ஃபீனோம் 2 வரிசையில் இரண்டு கோர், மூன்று கோர் என்று வாங்கிய சிலர், மதர்போர்டின் பயாஸில் ஓர் அமைப்பை மாற்றி, உறங்கிக்கொண்டிருந்த கோர்களை எழுப்பி நான்காக ஓட்டினார்கள். எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. இப்போது அந்தக் கதவை முற்றிலும் அடைத்துவிட்டார்கள்.

ஆக, பெயரில் இருக்கும் எழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். இன்டெலில் 'எஃப்' என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு போடாமல் திரையில் ஒரு புள்ளிகூட வராது. 'கே' என்றால் வேகத்தை நாமே கூட்டலாம், அதற்கேற்ற மதர்போர்டு வேண்டும், பட்ஜெட்காரர்களுக்கு அவசியமில்லாதது. 'டி' என்றால் மின்சாரம் குறைவாக இழுப்பது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 காலத்தில் வழக்கம் தலைகீழ்: சாதாரணமாக கிராபிக்ஸ் கிடையாது, 'ஜி' என்று இருந்தால் உண்டு. ஏ.எம்.5க்கு வந்த ரைசன் 5 7600 முதலியவற்றில் 'ஜி' இல்லாமலே, படம் காட்டப் போதுமான சிறு கிராபிக்ஸ் இருக்கிறது. எஃப் வாங்கினால் கொஞ்சம் காசு மிச்சம். ஆனால் கிராபிக்ஸ் கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போனால் அது திரும்பி வரும்வரை கணினி குருடாகக் கிடக்கும். ஒரே கணினியை நம்பிப் பிழைப்பவர் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

பெயர் சரியாகவே ஏமாற்றும் இடமும் ஒன்று உண்டு. ரைசன் 5 5600, ரைசன் 5 5500. இரண்டும் 2022 ஏப்ரலில் வந்தவை. இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். அறிவித்த விலை முறையே 199, 159 டாலர். எண்ணைப் பார்த்தால் 5500 என்பது 5600இன் தம்பி, ஒரு படி மெதுவானது என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அது வேறு வீட்டுப் பிள்ளை. கிராபிக்ஸ் உள்ள 5600ஜியின் சில்லை எடுத்து, அந்த கிராபிக்ஸை அணைத்து, 5500 என்று பெயரிட்டிருக்கிறார்கள். அதனால் கேஷ் 32க்குப் பதில் 16 எம்.பி.தான். கிராபிக்ஸ் கார்டோடு பேசும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாதையும் நான்காம் தலைமுறை அல்ல, மூன்றாம் தலைமுறை.

இந்த இரண்டாவது வேறுபாடு எப்படிக் கடிக்கும் என்பதற்கு நல்ல சாட்சி, அதே 2022 ஜனவரியில் வந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டு. அன்று கிராபிக்ஸ் கார்டுகளின் விலை வானத்தில் இருந்தது. குறைந்த காசில் கிடைத்த புதிய கார்டு என்பதால் பலர் அதை நாடினார்கள். கார்டுகளுக்கு வழக்கமாக எட்டு அல்லது பதினாறு தடங்கள் இருக்கும். இதற்கோ நான்கே தடம். நான்காம் தலைமுறைப் பாதையில் நான்கு தடத்தில் நொடிக்கு 8 ஜி.பி. போகும், மூன்றாம் தலைமுறையில் 4 ஜி.பி.தான். கார்டில் இருந்த நினைவகமும் 4 ஜி.பி. அது நிறைந்து வழியும்போது, மிச்சத்தைக் கணினியின் ரேமில் வைத்து அந்தக் குறுகிய பாதை வழியே இழுக்க வேண்டும். மறுபடியும் காத்திருப்பு. ரைசன் 5 5500உடன் இந்தக் கார்டை ஜோடி சேர்த்தவர் இரண்டு மலிவுப் பொருளையும் தனித்தனியாகச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருப்பார். இரண்டையும் ஒன்றாகப் போட்டதில்தான் பிழை. 5600ஐயே வாங்கி ஏ520 அல்லது பி450 மதர்போர்டில் பொருத்தினாலும் கதை அதே. அந்தப் போர்டுகளில் பாதை மூன்றாம் தலைமுறைதான்.

சரி, எதை வாங்குவது? மூன்று விதமான ஆட்களை நினைத்துக்கொண்டு பார்க்கலாம்.

கல்லூரிப் பாடம், அலுவலக வேலை, வீடியோ வகுப்பு, யூடியூப்: கிராபிக்ஸ் கார்டு வேண்டாத வேலைகள் இவை. எஃப் இல்லாத ஐ3-12100 இதற்குத் தாராளமாகப் போதும். அதில் இருக்கும் யூ.எச்.டி. 730 கிராபிக்ஸ், யூடியூப் இப்போது அதிகம் பயன்படுத்தும் ஏ.வி.1 வகை வீடியோவைத் தனிச்சுற்று மூலமே விரித்துக் காட்டும். கோர்களுக்குச் சுமை இல்லை. சிறிய அளவில் வீடியோ வெட்டி ஒட்டுபவர்களுக்கும் அந்தச் சுற்று கைகொடுக்கிறது.

கார்டு வாங்கக் காசு இல்லை, ஆனால் சாயங்காலம் கொஞ்சம் விளையாட வேண்டும் என்கிற மாணவருக்கு ரைசன் 5 5600ஜி. அதில் உள்ள வேகா கிராபிக்ஸ் ஏ.வி.1ஐத் தனிச்சுற்றில் விரிக்காது. ஆனால் விளையாட்டில் யூ.எச்.டி. 730ஐவிட வெகுதூரம் முன்னால் நிற்கும். இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். டி.டி.ஆர்.4 3200 ரேம் ஒரு பட்டை மட்டும் போட்டால் நொடிக்கு 25.6 ஜி.பி. தரவு வரும். இரண்டு பட்டை போட்டால் இரு வழியிலும் சேர்ந்து 51.2. மலிவான கார்டு என்று மேலே பார்த்த 6500 எக்ஸ்.டி.க்கே சொந்தமாக 144 ஜி.பி. வேகத்தில் நினைவகம் இருக்கிறது. 16 ஜி.பி. ரேமை ஒரே பட்டையாக வாங்கிவிட்டு 'அப்புறம் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்' என்று 5600ஜியை ஓட்டுபவர், தான் காசு கொடுத்து வாங்கிய கிராபிக்ஸில் பெரும்பகுதியைப் பட்டினி போடுகிறார். இரண்டு 8 ஜி.பி. பட்டைகளே சரி. கொட்டேஷன் எழுதும்போது இந்த ஒரு வரியில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

மூன்றாமவர் கார்டு போடப் போகிறவர். அவருக்கு ஐ3-12100எஃப் நல்ல தொடக்கம். எச்610 போன்ற எளிய போர்டிலும் கார்டுக்கு நான்காம் தலைமுறைப் பாதை கிடைக்கும். ஆனால் புதிய விளையாட்டுகள் பல ஆறு கோரை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டன. கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடிந்தால் ரைசன் 5 5600, பி550 போர்டோடு. பிராசசரில் ஒரு படி ஏறுவதற்காகக் கார்டில் ஒரு படி இறங்குவது மட்டும் வேண்டாம். விளையாடுபவருக்கு அது நட்டக் கணக்கு.

பிராசசரோடு சாக்கெட்டையும் வாங்குகிறோம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏ.எம்.4 சாக்கெட் 2016இல் வந்தது. முதல் ரைசன் 2017 மார்ச்சில் அதில் அமர்ந்தது. 2017இல் வாங்கிய பல போர்டுகளில், பயாஸைப் புதுப்பித்துவிட்டு 2022இன் 5800எக்ஸ்3டியைப் பொருத்த முடிந்தது. குறைந்த காசில் தொடங்கி மெல்ல வளர்க்க நினைப்பவருக்கு இது பெரிய வரம். இன்டெலின் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட், 12, 13, 14ஆம் தலைமுறைகளைத் தாங்கியதோடு முடிந்தது; 2024 அக்டோபரில் அடுத்த சாக்கெட் வந்துவிட்டது. 2022 செப்டம்பரில் வந்த ஏ.எம்.5க்கு 2027வரையும் அதற்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்று ஏ.எம்.டி. சொல்லியிருக்கிறது. ஆனால் அதில் டி.டி.ஆர்.5 ரேம் மட்டுமே போட முடியும். 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்ளத் தொடங்கியதும் ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. வீட்டில் பழைய கணினியின் டி.டி.ஆர்.4 பட்டைகள் இருந்தால், அவற்றை ஏற்கும் ஏ.எம்.4 போர்டோ, எல்.ஜி.ஏ. 1700இன் டி.டி.ஆர்.4 வகைப் போர்டோ எடுப்பதே புத்திசாலித்தனம். பிராசசரின் விலையைப் பட்டைகளின் விலையோடு சேர்த்துத்தான் கூட்ட வேண்டும்.

சென்னையில் இந்தக் கூட்டல் கழித்தலெல்லாம் நடக்கும் இடம் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. அங்கே மட்டுமல்ல, எந்த ஊர் கணினிக் கடையிலும் கண்ணில் படும் ஒரு விளம்பரம் உண்டு: 'ஐ7 பிராசசர், 16 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி.யுடன்' என்று நம்ப முடியாத விலை போட்டிருக்கும். எந்தத் தலைமுறை ஐ7 என்பது மட்டும் இருக்காது. கேட்டுப் பார்த்தால் அலுவலகங்களில் ஓடி ஓய்ந்த ஐ7-2600ஆக இருக்கலாம். அது 2011 ஜனவரியில் வந்தது. நான்கு கோர், எட்டு த்ரெட். ஐ3-12100எஃப்பிலும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான். ஆனால் ஒவ்வொரு கோரும் ஏறக்குறைய இரு மடங்கு வேகம். 7 என்ற எண் 3ஐவிடப் பெரியது என்பது ஒரே தலைமுறைக்குள் மட்டுமே பொருள் தரும்.

பழைய கணினியே கூடாது என்பதில்லை. வெறும் தட்டச்சுக்கும் இணையத்துக்கும் என்றால், எஸ்.எஸ்.டி. போட்ட பழைய ஐ5 ஒன்று ஒரு மாணவரின் படிப்பை நன்றாகவே தாங்கும். ஒரு வருடக் காத்திருப்பை மூன்று நாளாக்குவது எஸ்.எஸ்.டி.தான் என்ற கணக்கை நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் விண்டோஸ் 11, இன்டெலில் 8ஆம் தலைமுறையும் ரைசனில் 2000 வரிசையும் தொடங்கித்தான் முறைப்படி ஏற்கிறது, டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பழைய ஐ7ஐ வாங்குபவர் லினக்ஸுக்கு மாறத் தயாராக இருந்தால் நல்லது.

புதிதாக வாங்கும்போது பெட்டியோடு வருவதா, ட்ரேயா என்று கேட்க வேண்டும். ட்ரே என்றால் பெட்டி இல்லாமல், விசிறி இல்லாமல் சில்லு மட்டும் வரும். வாரண்டிக்கு யார் பொறுப்பு என்பதைப் பில்லில் எழுதி வாங்குவது அவசியம். 12100எஃப் பெட்டியிலும் 5600 பெட்டியிலும் வரும் விசிறியே அவற்றுக்குப் போதும். மே மாதச் சென்னையில் மூடிய அறையே 35 டிகிரியைத் தாண்டும். 12100எஃப் 100 டிகிரியிலும் 5600 90 டிகிரியிலும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்று உள்ளே வர வழியில்லாத, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட்டைத் தவிர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ரைசன் 5000 வரிசையைப் பழைய பி450 போர்டில் போடுபவர், பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து திரை இருட்டாக இருந்தால், பிராசசர் பழுதா, போர்டு பழுதா என்று இரண்டு நாள் அலைச்சல்.

பிறகு பொருத்தும் வேலை. ஏ.எம்.4 பிராசசரின் அடியில் 1331 ஊசிகள் இருக்கும். மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு நேராக வைத்தால் தானாகவே இறங்கும், அழுத்தக் கூடாது. எல்.ஜி.ஏ. 1700இல் ஊசிகள் போர்டில் இருக்கின்றன. நெம்புகோலை இறக்கக் கொஞ்சம் பலம் கொடுக்க வேண்டியிருக்கும், அது இயல்புதான். விசிறியை மாட்டி, எஸ்.எம்.பி.எஸ். இணைப்புகளைக் கொடுத்து, சுவிட்சைப் போட்டதும் பயாஸ் திரையில் பிராசசரின் முழுப் பெயர் வரும். பெட்டியில் உள்ள எழுத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே உள்ள ரேம் வேகத்தையும் பார்க்க வேண்டும். 3200 என்று எழுதி விற்ற பட்டைகளில் பல, முதல்முறை 2133 அல்லது 2400இல்தான் எழுந்து நிற்கும். எக்ஸ்.எம்.பி. என்றோ டி.ஓ.சி.பி. என்றோ இருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்து, சேமித்து, மறுபடி தொடங்கினால் 3200 வந்துவிடும். வருடக்கணக்காக அதைத் தொடாமலே ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன.